இந்திர விழா: மகிழ்ச்சியும் அதன் விலையும்

மனிதன் தனித்து மகிழலாம். தனித்து விழா எடுத்தல் இயலாது. விழா என்பது சமுதாயத்தின் ஆக்கமாகும். எனவே, ஒரு சமுதாயம் எதனைக் கொண்டாடியது, எவ்வாறு கொண்டாடியது என்பன அதன் அமைப்பினை அறிவதற்குரிய சான்றுகளாகின்றன. இவ்வகையிற் புகார் நகரத்து இந்திர விழா ஆராயத்தக்கது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அதனை விரித்துரைக்கின்றன. காப்பியங்கள் வரலாற்றேடுகள் அல்ல. எனினும், அவை தோன்றிய சமுதாயத்தின் எண்ணப்போக்கினை அவற்றிற் காணலாம்.

புகார் வணிகத்தால் வளர்ந்த துறைமுகம். அங்கு வந்து குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவினையும் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழ்ந்த அத்தகைய நகரில் அமைதி இன்றியமையாதது. 28 நாள் நிகழ்ந்த இந்திர விழா இத்தேவையை நிறைவுசெய்தது. மழையும் வளமும் வேண்டி, பசியும் பிணியும் பகையும் நீங்குக என வாழ்த்தி, முரசறைந்து விழா அறிவிக்கப்பட்டது. பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறு நகரமாந்தர் பணிக்கப்பட்டனர். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம். ஆனால், பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுதல் வேண்டும். இங்கே மகிழ்ச்சி என்பது வெறும் களியாட்டமன்று, கூடிவாழ்வதற்கான உடன்பாடாகும்.

ஆயினும், அம்மகிழ்ச்சியின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. அரசனின் வெற்றி வேண்டி மறவர் பலிபீடத்திலே தம் தலையை அரிந்து வைத்தனர் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கோவலன் இறந்தபின் துறவு பூண்ட மாதவி விழாவில் ஆட வரவில்லை. ஊர் அவளைப் பழிதூற்றியது. தாய் சித்திராபதியோ அப்பழிக்கு அஞ்சித் தோழியைத் தூது விடுத்தாள். துயருற்ற பெண்ணொருத்திக்கு ஆடாதிருக்கும் உரிமையைக்கூட அந்நகரம் எளிதில் வழங்கவில்லை. ஆடல்மகளுக்கு விழா என்பது தொழிற்கடமையாகவே இருந்தது.

பின்னர் அரசனுக்கும் துயர் நேர்ந்தது. கப்பல் கவிழ்ந்தமையாற் காணாமற்போன மைந்தனைத் தேடி அலைந்த சோழன் விழாவை மறந்தான். கடல் புகாரைக் கொண்டது என்கின்றது மணிமேகலை. இக்கதையை நிலவியல் உண்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால், அதன் உட்பொருள் தெளிவானது. கூட்டு வாழ்வினைப் புதுப்பிக்கும் சடங்கு நின்றுவிடின் நகரம் நிலைபெறாது என்ற அச்சமே அதிற் கடலாக உருவம் பெற்றது.

மாதவியின் துயர் ஊரலராயிற்று; மன்னனின் துயர் ஊரழிவாயிற்று. ஒருவரது துயருக்கு இடமளியாத விழா கட்டளையாகின்றது. விழாவே அற்ற ஊர் சிதறிப்போகின்றது. இவ்விரண்டிற்கும் இடையிலேயே கொண்டாட்டத்தின் உண்மைப் பொருள் அமைந்துள்ளது. எத்தனை நாள் முரசு முழங்கிற்று என்பதினும், அம்முழக்கத்திடையே அழுபவருக்கு எத்துணை இடம் இருந்தது என்பதே ஒரு சமுதாயத்தின் மகிழ்ச்சியை அளப்பதற்கான நேரிய அளவுகோலாகும்.