நீரைத் தேடிய குழி

நெய்வேலியின் வரலாறு நிலக்கரியில் தொடங்கியதாகவே பலரும் எழுதுவர். உண்மையில் அது நீரில் தொடங்கியது. 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டியபோது, பொங்கிய நீரோடு கரும்பழுப்புத் துகள்களும் மேலே வந்தன. அவர் அதனை அரசுக்குத் தெரிவித்தார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

கரிப்படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அந்நீர் படுகையை உடைத்துக்கொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே சுற்றிலும் குழாய்க்கிணறுகள் இட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தாக வேண்டும். இறைப்பு நின்றால் சுரங்கம் இல்லை. முதலியாரின் கிணறு தேடிய பொருளே சுரங்கத்துக்குப் பகையாயிற்று! அந்நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் வறட்சியின்போது சென்னையின் தாகமும் தீர்த்தது. ஆயினும் சுற்றியுள்ள சிற்றூர்களில் கிணறுகளின் மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று என்பது உழவர்களின் நீங்காத முறையீடு. இந்நீர்த்தாங்கி கடற்கரை வரை நீள்வதால், அளவு மீறி இறைத்தால் உப்புநீர் உட்புகும் என்னும் அச்சமும் உண்டு.

நெய்வேலி நகரியத்தின் மரச்செறிவை யாரும் மறுக்க இயலாது. சுரங்க மண்மேடுகளிலும் நிறுவனம் மரம் வளர்த்துள்ளது. எனினும் நகரியத்து நிழல், வேலிக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கு ஆறுதலாகவில்லை. அவ்வூர்களின் போராட்டம் நெடுங்காலம் வேலை, மாற்றுமனை, இழப்பீடு என்னும் மூன்று சொற்களிலேயே பதிவாயிற்று. ஏரியும் ஆறும் மனுக்களின் கடைசி வரியில் நின்றன. கவியரங்குகளிலும் நெய்வேலி ஒளியின் பெயராகவே ஒலித்தது. நீரின் பெயராக ஒலித்தது அரிது.

வாலாஜா ஏரியின் கதை இதற்குச் சான்று. சுரங்கத்திலிருந்து வெளியேறிய நீரோடு வந்த வண்டல் படிந்து, பாசனம் தந்த அப்பழைய ஏரி தூர்ந்து மேடாயிற்று. 2013இல், சுரங்க நிறுவனத்தின் நிதியைக் கொண்டே மாவட்ட நிர்வாகம் அதனைத் தூர்வாரியது. வண்டல் தந்த கையே மண்வெட்டியும் தந்தது எனலாம்.

2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் இடம்பெற்றன. சுரங்கங்களை ஒட்டிய குறிஞ்சிப்பாடியும் கம்மாபுரமும் இடம்பெறவில்லை. இவ்வேறுபாட்டின் விளைவு விரைவில் தெரிந்தது. 2023இல் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. உழவர் அமைப்புகளும் கட்சிகளும் ஒருசேர எதிர்த்தன. முதலமைச்சர் பிரதமருக்கு மடல் எழுதினார். ஏப்ரல் 8ஆம் நாள் அம்மூன்றும் நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். சட்டத்தின் துணையோடு நின்ற படுகை சில நாள்களில் காப்பாற்றப்பட்டது.

சுரங்கத்தின் வாயிலில் இருந்த வளையமாதேவிக்கு அந்த நற்பேறு இல்லை. அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயல்களில் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாமென அறிவிக்கப்பட்டது, கரி தடைப்பட்டால் மின்சாரம் தடைப்படும் என்பன நிறுவனத்தின் வாதங்கள். அவை பொய்யல்ல. ஆனால் பச்சை நெல் சேற்றில் அமிழ்ந்த காட்சி தமிழகத்தையே உலுக்கியது. இரு நாள்களில் நெய்வேலியில் நடந்த மறியல் வன்முறையில் முடிந்தது. ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு, சுற்றுப்புற ஊர்களின் நீரில் பாதரசம் முதலியன மிகுந்திருப்பதாக ஆய்வறிக்கை வெளியிட்டது. இழப்பீட்டுக் கணக்கில் அடங்காத நீர், அப்போதுதான் பொதுப்பேச்சின் நடுவுக்கு வந்தது.

பயிர் அழிந்த காட்சி தம்மைக் கண்கலங்கச் செய்ததாகச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் நீதிமன்றத்திலேயே கூறினார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆணை பிறந்தது. எஞ்சிய பயிரைச் செப்டம்பர் 15ஆம் நாளுக்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்குமாறு உழவர்களுக்குச் சொல்லப்பட்டது.