கால்விரலுக்கு ஒரு குழாய்

அமெரிக்காவுக்கு மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் நயாகரா பார்ப்பார்கள், சுதந்திர தேவி சிலை பார்ப்பார்கள். நான் பார்த்ததில் இன்றைக்கும் மனசில் நிற்பது ஒரு பாத்ரூம். சிரிக்காதீர்கள். 31 வருடம் குடிநீர்த் துறையில் பைப்பும் வால்வுமாகக் கழித்தவனுக்கு வேறு எது கண்ணில் படும்?

மகன் இருப்பது ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டில். குளிர்காலம் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும் ஊர். அங்கே மேற்குக் குன்றின் மேல் பிட்டாக் மாளிகை என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. 1914இல் கட்டி முடித்தது. ஹென்றி பிட்டாக் என்பவர் 1853இல் கையில் காசில்லாமல் அந்தப் பக்கம் வந்து, 'ஆரிகோனியன்' பத்திரிகையில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார். 1860இல், பாக்கி நின்ற சம்பளத்துக்கு ஈடாகப் பத்திரிகையே அவர் கைக்கு வந்தது. மலையேறுவதில் பெரிய பிரியர். மாளிகையில் குடிபுகும்போது எண்பதை நெருங்கிவிட்டார். லிஃப்ட், அறைக்கு அறை பேசும் கருவி, சுவருக்குள்ளேயே குழாய் ஓடும் தூசி உறிஞ்சி என்று அந்தக் காலத்தில் என்னென்ன புதுசோ எல்லாம் அந்த வீட்டில் உண்டு. இப்போது நகராட்சியின் சொத்து. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

அவருடைய குளியலறையில் ஷவர் நிற்கும் மூலைக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். தலைக்கு மேலே வழக்கமான பூவாளி. அதோடு முடியவில்லை. ஆளைச் சுற்றி வளைந்த குழாய்கள், விலா எலும்புக்கூடு மாதிரி, ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் உள்பக்கம் பார்த்துப் பொடிப்பொடித் துளைகள். இவை தவிர இடுப்புப் பக்கம் தனி, கீழே தனி என்று பீச்சுகிற வாய்கள். எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஐந்தருவியையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டானே!" என்றாள். தென்காசிக்காரிக்கு எல்லா நீரும் குற்றாலம்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. தரையை ஒட்டித் தாழ்வாக ஒரு சின்னக் குழாய் வாய். கட்டை விரலை நீட்டித் தண்ணீரின் சூடு பார்ப்பதற்காம். சூடு சரி என்று தெரிந்த பிறகு உள்ளே போகலாம். அதை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனை வாய் வைத்த ஷவர் பணக்காரர் ஆடம்பரத்துக்காகப் பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து படித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அது வைத்திய சாலையிலிருந்து வந்த சாமான்.

தண்ணீரைத் தலையில் கொட்டுகிற யந்திரத்துக்கு 1767இல் லண்டனில் வில்லியம் ஃபீதம் என்ற அடுப்பு வியாபாரி காப்புரிமை வாங்கினார். கைப்பம்பால் தண்ணீரை மேலே ஏற்றி, சங்கிலியை இழுத்தால் கொட்டும். கொட்டிய அழுக்குத் தண்ணீரையே மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். அது ஓடாத வண்டி, விட்டுவிடுவோம். விஷயம் சூடு பிடிப்பது 1820களில், இன்றைய செக் நாட்டு மலைப்பகுதியில் இருக்கும் கிராஃபென்பெர்க் என்ற ஊரில். பிரீஸ்நிட்ஸ் என்ற விவசாயி, டாக்டர் படிப்பு எதுவும் இல்லாதவர், குளிர்ந்த தண்ணீராலேயே நோய் தீரும் என்று சொல்லி வைத்தியம் ஆரம்பித்தார். மலைத் தண்ணீரை மரப் பீலி வைத்து உயரத்திலிருந்து விழவிட்டு, அதன் அடியில் நோயாளியை நிறுத்துவார். ஐரோப்பாவின் பிரபுக்கள் எல்லாம் போய் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பின்னால் நீர்வைத்தியம் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்தது. நம் காந்தி கூட அந்த வழியில் வந்த லூயி கூனேயின் இடுப்புக் குளியலை நம்பிச் செய்தவர்தான்.

இந்தச் சாஸ்திரக்காரர்களுக்கு ஒரு சிக்கல். மேலிருந்து விழும் தண்ணீர் தலையிலும் தோளிலும்தான் படும். முதுகெலும்புக்கு வேண்டும், தொடைக்கு வேண்டும், வயிற்றுக்கு வேண்டும் என்றால்? நோயாளி திரும்பித் திரும்பி நிற்க முடியாதவராக இருந்தால்? ஆளைத் திருப்புவதற்குப் பதில் குழாயைச் சுற்றி வளைத்தார்கள். ஊசி மாதிரி மெல்லிய நீர்த் தாரைகள் நாலு பக்கமும் குத்தும். அதனால் ஊசிக் குளியல் என்றே பெயர். நியூயார்க்கில் டாக்டர் சைமன் பரூக் இதற்கென்று ஒரு மேஜையே வைத்திருந்தார். அதில் வால்வுகள், வெப்பமானிகள், அழுத்தம் காட்டும் முள். வைத்தியர் மேஜைக்குப் பின்னால் நின்று திருகுவார், எதிரே நோயாளி நிற்பார். பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் வேலைதான், பம்புக்குப் பதில் மனுஷன். இப்போது கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவில் பெயர் இருக்கிற கெல்லாக் குடும்பத்து டாக்டரும் இந்தக் கூட்டத்தில் முக்கியஸ்தர்.

இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. மனநல விடுதிகளில் குளிர்ந்த ஷவர் சிகிச்சை என்ற பெயரில் தண்டனையாக இருந்தது. 1856இல் இங்கிலாந்தின் சர்ரே விடுதியில் ஒரு நோயாளியை அரை மணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் அதன் அடியில் நிறுத்தி வைத்தார்கள். ஆள் இறந்துபோனார். அதே தண்ணீர்தான். திருகு யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், ஒற்றை வாய் ஷவர் வளர்ந்தது முற்றிலும் வேறு பாதையில், சிக்கனத்தின் பாதையில். 1872இல் பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் மெரி டெலபோஸ்ட் என்ற டாக்டர், கைதிகளைத் தொட்டியில் குளிப்பாட்டினால் தண்ணீரும் விறகும் கட்டுப்படியாகாது என்று மேலே ஷவர் வைத்தார். 1883இல் பெர்லின் சுகாதாரக் கண்காட்சியில் ஆஸ்கர் லாசர் என்ற தோல் டாக்டர் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் பத்து அறை தடுத்து, 10 பென்னிக்குச் சோப்பும் துண்டும் கொடுத்து வெந்நீர் ஷவர் குளியல் காட்டினார். ஜனங்கள் வரிசை கட்டினார்கள். ஆக, ஏழைக்கும் கைதிக்கும் ஒரு வாய். சீக்கு வந்த சீமானுக்கு ஆறு வாய்.

அந்தச் சீமான்கள் ஊர் திரும்பி, வைத்திய சாலையில் பார்த்ததை வீட்டிலேயே மாட்டச் சொன்னபோதுதான் பிட்டாக் வீட்டு ஷவர் மாதிரி சாமான்கள் கடைக்கு வந்தன. அந்தக் காலத்து விற்பனைப் பட்டியல்களில் ஒவ்வொரு வாய்க்கும் பெயர் உண்டு. சிறுநீரகத்துக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று என்று! தோலுக்கு வெளியே பீச்சும் தண்ணீர் கல்லீரலுக்கு என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது.

இந்த ஆசையின் உச்சம் வெள்ளை மாளிகையில். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்குத் தண்ணீர் அடிக்கிற வேகம் போதவே இல்லையாம். பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பீச்ச வேண்டும், தீயணைப்புக் குழாய் மாதிரி அடிக்க வேண்டும் என்று பிளம்பர்களை வருடக்கணக்கில் வாட்டி எடுத்தார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். தனிப் பம்பே வைக்க வேண்டி வந்ததாம். அவருக்குப் பின் வந்த நிக்சன் அதைப் பார்த்துவிட்டுக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்தப் பிளம்பர்களுக்காக என் மனசு உண்மையிலேயே இளகியது. மேலதிகாரி வீட்டுக்குழாய் வேலை என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் வந்தது சட்டம். 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு ஷவர் தலை நிமிடத்துக்கு 2.5 கேலனுக்கு மேல் விடக் கூடாது என்று சட்டம் போட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய 9.5 லிட்டர். 1994 முதல் அமல். அதுவும் 80 பவுண்டு அழுத்தத்தில் சோதித்து. 80 பவுண்டு என்றால் 56 மீட்டர் உயரத் தண்ணீர், பதினெட்டு மாடிக்கு மேலே டேங்க் வைத்த மாதிரி.

சட்டம் 'ஒரு தலை' என்றுதானே சொல்கிறது? கம்பெனிகள் ஒரே குழாயில் மூன்று தலை, ஆறு தலை மாட்டி விற்றன. ஆறு தலை என்றால் நிமிடத்துக்கு 57 லிட்டர். நம் நாட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்கத் திட்டமிடும் அளவு 135 லிட்டர். நான் அந்த எண்ணை வைத்து எத்தனை எஸ்டிமேட் போட்டிருப்பேன்! சமையல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்ந்த அந்த 135ஐ இந்த ஷவர் இரண்டரை நிமிடத்துக்குள் குடித்துவிடும்.

ஒரு குழாயில் எத்தனை தலை தொங்கினாலும் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான் என்று 2011இல் அவர்கள் எரிசக்தித் துறை சொன்னது. 2013இல் விதியில் எழுதியது. 2020 டிசம்பரில், இல்லை, ஒவ்வொன்றும் தனி என்று மாற்றினார்கள். அடுத்த டிசம்பரில் மறுபடி பழையபடி. 2025 ஏப்ரலில் ஜனாதிபதி டிரம்ப் அந்த விளக்கத்தையே ரத்து செய்ய உத்தரவு போட்டார். தலைகளை எண்ணுவதில் இத்தனை சண்டை. ஆனால் மொத்த அளவைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 9.5 லிட்டரை ஆறாகப் பங்கு வைத்தால் ஒரு வாய்க்கு ஒன்றரை லிட்டர் சொச்சம். அது குத்தாது, வழியும். குறை சொன்னவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பல வாய் வைப்பதில் பொறியியல் சூட்சுமம் ஒன்று உண்டு. குழாயை வரிசையாக இழுத்துக்கொண்டே போனால் முதல் வாய் பீய்ச்சும், கடைசி வாய் அழும். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் வராத அதே கதை. குழாயை வளையமாகச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் எல்லா வாய்க்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும், அழுத்தம் சமமாகும். ஊருக்கு மெயின் லைன் போடும்போது நாங்கள் செய்வதும் இதுதான். வெந்நீரும் தண்ணீரும் கலக்கிற வால்வும் நல்லதாக வேண்டும். யாராவது சமையலறையில் குழாயைத் திறந்ததும் இங்கே வெந்நீர் மட்டும் வந்து தோல் உரியக் கூடாது பாருங்கள்.

இதெல்லாம் தெரியாமல் சென்னையில் என் சித்தப்பா மகன் ஒருவன் மேல் மாடி ஃப்ளாட்டில் 'ஷவர் பேனல்' மாட்டினான். டிவி நீளத்துக்குப் பளபளவென்று, எட்டு ஜெட்டோடு. மொட்டை மாடி டேங்க் அவன் தலைக்கு மேல் மூன்று மீட்டர். அதாவது, அமெரிக்கக்காரன் சோதிக்கிற அழுத்தத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. எட்டு ஜெட்டும் சுவரில் வியர்த்தது மாதிரி கசிந்தன. பம்ப் வைத்தான். ஒரு வருடத்தில் போர் தண்ணீர் உப்பு துளைகளை அடைத்தது. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, "அண்ணே, அந்தப் பேனல்ல இப்ப துண்டுதான் காயப் போடுறேன்" என்றான் போனில்.

இனி அந்தக் கால்விரல் குழாய்க்கு வருகிறேன். போர்ட்லேண்டிலிருந்து திரும்பி வந்தபோது அம்மாவுக்கு 91. நிற்க முடியாது. தலைக்கு மேல் ஷவரைத் திறந்தால் மூச்சு முட்டிப் பயந்துபோவாள். செம்பில் மொண்டு ஊற்றினால் முதுகுக்குப் போகாது. ஒருமுறை கீசர் தண்ணீர் சூடு தெரியாமல் என் தங்கை ஊற்றி, காலில் கொப்புளம். வயசானவர்களுக்குத் தோல் காகிதம் மாதிரி. சூடு உறைப்பதும் தாமதம்.

பிட்டாக் வீட்டில் பார்த்தது அப்போது வேறு மாதிரி புரிந்தது. எண்பது வயசுக்காரர் திரும்பாமல், குனியாமல், தலை நனையாமல் குளிக்கச் செய்த ஏற்பாடு அது. ஆறு வாய் அம்மாவுக்கு வேண்டாம். பிளம்பரைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தால் தோளுக்கு வரும் உயரத்தில் கம்பி அடித்து, அதில் ஏற்றி இறக்கும் கை ஷவர் ஒன்று. ஒன்றரை மீட்டர் ஹோஸ். சூட்டை 40 டிகிரிக்கு நிறுத்துகிற வால்வு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பிளாஸ்டிக் ஸ்டூல். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தனியாக ஒரு சின்னக் குழாய்.

"இது எதுக்கு சார், பக்கெட்டுக்கா?" என்றார் பிளம்பர்.

காலையில் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்ததும் முதலில் அந்தச் சின்னக் குழாயைத்தான் திறப்பாள் தங்கை. அம்மா வலது கால் கட்டை விரலை நீட்டுவாள். கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். "ம்" என்றால்தான் கை ஷவர்.