ஒரே வாசலை அடைக்கும் இரு மருந்துகள்

பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரப்பு ஊசி நமக்குத் தெரிந்ததுதான். அதிலுள்ள லிக்னோகெயினைச் சிரைவழி செலுத்தி, விடாமல் தொடரும் வலிப்பை நிறுத்தலாம் என்று சுவீடனின் பெர்ன்ஹார்ட் குழுவினர் 1955இல் எழுதினார்கள். ஃபெனிட்டாயின் அதற்கு மூத்தது. வலிப்புக்கு அது உதவும் என்று பாஸ்டனில் மெரிட்டும் பட்னமும் 1938இலேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டும் அடைப்பது ஒரே வாசலை. நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வழியை, அதுவும் ஓயாமல் துடிக்கும் அணுக்களில் அதிகமாக, இவை மறிக்கின்றன. வேறுபாடு வேகத்தில் தொடங்குகிறது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலே அவசரநிலை. 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். ஃபெனிட்டாயினோ கிலோவுக்கு 20 மில்லிகிராம், நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முழு அளவும் ஏற 24 நிமிடம்! ஆனால் ஏறிவிட்டால் நெடுநேரம் நிற்கும். லிக்னோகெயின் சில நிமிடங்களில் வேலை செய்யும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி கரைந்துவிடும் என்பதால் சொட்டு மருந்தாகத் தொடர வேண்டும். மூச்சை அவ்வளவாக அமுக்காது என்பது அதன் பெரிய பலம்.

என்னை அச்சுறுத்துவது இன்னொன்று. இரத்தத்தில் அளவு கூடினால் லிக்னோகெயினே வலிப்பை உண்டாக்கும். நாக்கு மரத்துப்போவதும் காது இரைவதும் அதன் முன்னறிவிப்புகள். நினைவிழந்து துடிப்பவர் அதை யாரிடம் சொல்வார்? ஃபெனிட்டாயினின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும்: கடும் காரத்தன்மையுள்ள மருந்து, சிரைக்கு வெளியே கசிந்தால் கை ஊதா நிறமாகி வீங்கும்.

சான்றுகளில் ஃபெனிட்டாயின் பக்கமே கனம். அதன் உறவான ஃபாஸ்ஃபெனிட்டாயினை லெவெடிராசிட்டம், வால்ப்ரோயேட் என்னும் வேறு இரு வலிப்பு மருந்துகளுடன் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தந்தன. பெரியவர்களுக்கு லிக்னோகெயின் கொடுப்பதற்கு இப்படியொரு பெரிய ஆய்வு இல்லை. எனவே லோராசெபாம், மிடசோலாம் போன்ற முதல்கட்ட மருந்துகள் தோற்றபின் லிக்னோகெயின் ஃபெனிட்டாயினை முந்தக்கூடாது என்பதே என் கருத்து.

பச்சிளம் குழந்தைகளின் கதை வேறு. நெதர்லாந்து மருத்துவர்கள் அவர்களுக்கு லிக்னோகெயினைத் துணிந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு மருந்துகளும் இதயத்தின் மின்னோட்டத்தையும் தொடுபவை; ஃபெனிட்டாயின் கொடுத்த குழந்தைக்கு அடுத்து லிக்னோகெயின் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். ஆகவே முதல் ஊசியை எடுக்கும்போதே இரண்டாவதையும் யோசித்தாக வேண்டும். மூச்சுத்திணறிப் பிறந்து, குளிர்விப்புச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கோ லிக்னோகெயின் உடலை விட்டு இன்னும் மெதுவாகவே வெளியேறும்; சொட்டின் வேகத்தை அதற்கேற்பக் குறைத்து, இதயத்துடிப்பைத் திரையில் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.