பாதி மறக்கப்பட்ட எச்சரிக்கை

ஒருமுறை சிசேரியன் செய்தால் அடுத்த பிரசவமும் சிசேரியன்தான் என்ற பேச்சை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். அதன் மூலம் 1916 இல் நியூயோர்க்கின் எட்வின் கிறேகின் என்ற மகப்பேற்று மருத்துவர் எழுதிய கட்டுரை. அவர் விதி எதையும் வகுக்கவில்லை. தேவையின்றி முதலாவது சிசேரியனைச் செய்துவிடாதீர்கள் என்றே சக மருத்துவர்களை எச்சரித்தார். விதிவிலக்குகள் உண்டெனவும் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை மறைந்தது, வாசகம் விதியாயிற்று. பத்திரிகைக்குத் தலைப்பிட்டுப் பழகிய எனக்கு இது வியப்பன்று.

அவரது அச்சம் நியாயமானதே. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டியே குழந்தையை எடுத்தனர். பிரசவ வலியின்போது வலுவாகச் சுருங்கும் தசை அதுதான். பழைய தழும்பு அங்கே பிளந்தால் தாயின் வயிற்றினுள் குருதி பெருகும்; குழந்தைக்கு ஒட்சிசன் தடைப்படும். சில நிமிடத் தாமதமே உயிரைப் பறிக்கலாம். 1882 இல் ஜேர்மனியரான மக்ஸ் சேங்கர் வலியுறுத்தும்வரை கருப்பையின் வெட்டைத் தைக்கும் வழக்கமே பரவலாக இருக்கவில்லை என்பதை இன்று நம்புவது கடினம்!

கிளாஸ்கோவின் மன்றோ கேர் 1920களில் வெட்டைக் கீழ்ப்பகுதியில் குறுக்காக இடவேண்டுமென வாதாடினார். மெல்லிய அப்பகுதி வலியின்போது அதிகம் சுருங்குவதில்லை. நெடுக்குத் தழும்பு பிளக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை என்பர். கீழ்க் குறுக்குத் தழும்பில் அது ஒன்றுக்கும் குறைவு. மருந்தால் வலியைத் தூண்டினாலோ, இரு பிரசவங்களுக்கிடையே காலம் போதாவிட்டாலோ அது கூடும்.

வயிற்றுத் தோலின் தழும்பு உள்ளே இட்ட வெட்டைக் காட்டாது. ஆகவேதான் வைத்தியர்கள் முந்தைய சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கேட்கின்றனர்.