குடித்தபின் வரும் தாகம்: சலோனாவின் மான்களும் நைக்ரனின் வாசிப்பும்

ஸ்வீடனின் லூத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நைக்ரன் 1930இலும் 1936இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட எரோஸ்-அகாப்பே ஆய்வை மறுத்து எழுதியவர்கள் ஏராளம். ஜான் பர்னபி 1938இல் அகுஸ்தீனைப் பற்றி எழுதிய நூலிலேயே வலுவான மறுப்பு வந்துவிட்டது. ஆனாலும் நைக்ரன் கிழித்த கோடு அழியவில்லை. கடவுளுக்காக ஏங்கும் பழக்கம் கிறிஸ்தவத்தின் சொந்தச் சொத்தன்று, பிளேட்டோவிடம் வாங்கிய கடன் என்ற எண்ணம் அவரை வாசிக்காதவர்களிடமும் ஊறியிருக்கிறது.

அவர் வாதத்தைச் சுருக்கிச் சிறுமைப்படுத்துவது முறையன்று. அகாப்பே கடவுளிடமிருந்து இறங்கி வருவது. பெறுபவரின் தகுதியைப் பாராதது. எரோஸ் மனிதரிடமிருந்து மேலேறுவது. தன்னிடம் இல்லாததை அடைந்து நிறைவுபெறத் துடிப்பது. ஆகவே நாடும் பொருள் கடவுளே ஆனாலும் அதன் அடியில் தன்னலம் இருக்கிறது. இவ்விரண்டையும் அகுஸ்தீன் ‘காரித்தாஸ்’ என்ற ஒரே பாத்திரத்தில் கலந்தார். லூத்தர்தான் மீண்டும் பிரித்தார். அகுஸ்தீனைப் பொறுத்தவரை நைக்ரனின் பக்கம் சான்று இல்லாமலில்லை. பிளேட்டோனியரின் நூல்கள் தம்மைத் திருப்பியதை அகுஸ்தீனே ‘அறிக்கைகள்’ ஏழாம் புத்தகத்தில் சொல்கிறார். ஒன்பதாம் புத்தகத்தில், ஓஸ்தியாவில் தாய் மோனிக்காவுடன் படிப்படியாக மேலேறிச் செல்லும் அனுபவத்தை அவர் எழுதும் விதத்தில் பிளோட்டினஸின் சாயல் அப்பட்டம்.

இடறல் வேறிடத்தில் இருக்கிறது. நைக்ரனின் அமைப்பில் மூன்று பெட்டிகளே உண்டு: எரோஸ், அகாப்பே, யூத மரபுக்கென அவர் ஒதுக்கிய நோமோஸ், அதாவது நியாயப்பிரமாணம். நீரோடைக்கு ஏங்கும் மானைப்போல் கடவுளுக்கு ஏங்கும் 42ஆம் சங்கீதத்தின் தாகத்தை இவற்றில் எதில் போடுவது? அது நியாயப்பிரமாணமன்று. ஏணியில் ஏறும் தத்துவஞானியின் குரலும் அன்று. ஆலயத்தைப் பிரிந்து, பகைவரின் கேலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் அழுகை. பண்டைய சபையினர் பலர் இந்தச் சங்கீதத்தை ஏட்டில் படித்தறிந்தவர்கள் அல்லர். ஞானஸ்நான வேளையில் காதால் கேட்டவர்கள். நைக்ரன் நூல்களின் வம்சாவளியை எழுதினார். வழிபாட்டின் வம்சாவளியை எழுதவில்லை.

லத்தீன் எண்ணிக்கையில் 41 ஆகிற இந்தச் சங்கீதத்தைக் குறித்து அகுஸ்தீன் ஆற்றிய பிரசங்கத்தின் ஆண்டு இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு செய்தி தெளிவாக இருக்கிறது: ஞானஸ்நானத்துக்கு விரைகிறவர்களின் குரலாக இதைப் பாடுவது வழக்கம் என்கிறார். அடுத்து அவர் எடுக்கும் திருப்பமே முக்கியம். ஞானஸ்நானம் பெற்றவர்களிடத்திலும் இந்தத் தாகம் தீர்ந்துவிடுவதாகத் தமக்குத் தோன்றவில்லை; தாங்கள் அந்நியராய் வாழ்வதை உணர்ந்தால் அது இன்னும் மூளும் என்கிறார். மான் பாம்புகளைக் கொன்றபின் அதிகமாய்த் தாகம் கொள்ளும். அந்தப் பாம்புகள் நம் தீய குணங்கள். மான்கூட்டம் நீரைக் கடக்கும்போது பின்னால் வருவது முன்னால் போவதன்மேல் தலையைச் சாய்த்துக்கொள்ளும்; முன்னது களைத்தால் இடம் மாறும். பிளினியிடமும் காணப்படும் கதைகள் இவை. விலங்கியலாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் தேறாது. வாதத்துக்கோ மிகவும் பயன்படும். ஏக்கம் தன்னலமே என்ற தீர்ப்புக்கு, ஒன்றன் சுமையை ஒன்று தாங்கியபடி தண்ணீரைத் தேடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நைக்ரன் பார்த்த அகுஸ்தீன் தனியாக ஏறுகிறவர். இந்தப் பிரசங்கத்தின் அகுஸ்தீன் மந்தையோடு நீந்துகிறவர்.

இனி என் சான்று. ரோமானிய தல்மாத்தியாவின் தலைநகராயிருந்த சலோனா இன்று குரோவேஷியாவில், ஸ்ப்ளிட்டை ஒட்டிய சோலின். அங்கே ஆயரின் ஞானஸ்நானக் கட்டடத்தைச் சேர்ந்த ஓர் அறையின் மொசைக் தரையில், ஒரு கிண்ணத்தின் இருபுறமும் இரண்டு மான்கள். உடன் இந்தச் சங்கீதத்தின் முதல் வசனம் லத்தீனில். அறை எதற்கானது என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஆயத்தமாகிறவர்கள் காத்திருந்த இடம் என்பது ஒரு கட்சி; ஞானஸ்நானம் முடிந்து வந்தவர்களுக்கு ஆயர் தைலம் பூசிய இடம் என்பது மறுகட்சி. முதலாவது சரியானால் தரை சொல்வது வெறும் அழைப்பு. இரண்டாவது சரியானால், நனைந்த உடலோடு வந்தவரின் காலடியிலும் தாகம் எழுதப்பட்டிருந்தது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். பெத்லகேமில் ஜெரோம் இதே சங்கீதத்தைப் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே விளக்கினார் என்பது ஒரு துணை.

அறை எதுவானாலும் இன்னொன்று நிற்கிறது. படத்தில் மான்கள் தண்ணீரை அடைந்துவிட்டன; எழுத்திலோ இன்னும் ஏங்குகின்றன. இது கைவினைஞரின் வாய்பாட்டுப் படம், இதில் இறையியல் தேடுவது மிகை என்று ஒருவர் சொல்லலாம். மான்கள் வட ஆப்பிரிக்க ஞானஸ்நானக் கட்டடங்களிலும் உண்டு. ராவென்னாவில் கல்லா பிளாசிதியாவின் கல்லறை மண்டபத்திலும் உண்டு. உண்மைதான். ஆனால் ராவென்னாவில் அவற்றோடு வசனம் இல்லை. சலோனாவில் யாரோ ஒருவர் எழுத்தையும் கேட்டிருக்கிறார். படத்தை வழக்கத்துக்கு விட்டுவிடலாம். எழுத்தை விட முடியாது.

கல்வெட்டின் பாடமும் கவனிக்கத்தக்கது. அகுஸ்தீன் விளக்கிய பாடம் ‘குவேமாத்மோதும்’ என்று தொடங்குகிறது. சலோனாவின் பாடம் ‘ஸீகுத் செர்வுஸ்’: ரோமச் சங்கீதப் புத்தகத்தின் பாடமும், பின்னாளில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானத் தொட்டிக்குச் செல்லும்போது பாடிய பாடலின் தொடக்கமும் இதுவே. சிறிய வேறுபாடுதான்; ஆனாலும் தரையில் எழுதியவர் அகுஸ்தீனின் ஏட்டைப் பார்த்து எழுதவில்லை, தம் சபை பாடியதை எழுதினார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இதனால், அகுஸ்தீனை அறிந்த ஓர் ஆயரே இந்தத் தரையை அமைத்தார் என்ற, எனக்குப் பிடித்தமான ஊகமும் தளர்கிறது. சலோனாவின் பெருங்கோயிலைச் சிம்பேரியுஸ் தொடங்கினார், எசிக்கியுஸ் முடித்தார் என்று அங்குள்ள மற்றொரு கல்வெட்டு சொல்கிறது. இந்த எசிக்கியுஸ்தான் ஏறத்தாழ 418–420இல் உலக முடிவைக் குறித்து அகுஸ்தீனோடு கடிதம் பரிமாறிய ஆயர். அவருக்கு எழுதிய நீண்ட பதிலில் அகுஸ்தீன் மூன்று ஊழியர்களைக் காட்டுகிறார். ஆண்டவர் விரைவில் வருவார் என்கிறார் ஒருவர். தாமதமாகும் என்கிறார் இன்னொருவர். தெரியாது என்கிறார் மூன்றாமவர். மூவரும் அவர் வருகைக்காக ஒன்றுபோல் ஏங்குகிறவர்கள். அகுஸ்தீனின் மனம் மூன்றாமவர் பக்கம். கடிதத்தையும் தரையையும் ஒரே கையில் பிடிக்க ஆசை வருகிறது. ஆனால் மொசைக் 5ஆம் நூற்றாண்டினதா, பிந்திய மாற்றங்களின்போது வந்ததா என்பது தீராதவரை எசிக்கியுஸின் பெயரை அதோடு சேர்க்க முடியாது.

கப்பதோக்கியாவைச் சேர்ந்த நிஸ்ஸாவின் ஆயர் கிரகோரி தனி வழக்கு. அடையும்தோறும் வளரும் ஆசை என்ற கருத்தை ‘மோசேயின் வாழ்வு’ நூலில் அவர் அகுஸ்தீனுக்கு முன்பே சொல்லிவிட்டார். அவர் பிளேட்டோவை நன்கு கற்றவர். நைக்ரன் தம் கோட்டையைக் கப்பதோக்கியாவில் கட்டியிருந்தால் அதை அசைப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.