ஆயியின் தண்ணீர்

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு தொட்டியில் ஊற்றக் கூடாது. குளோரின் மீனைக் கொன்றுவிடும். பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு நாள் வைத்திருந்து, அடியில் மாட்டிய வால்வைத் திறந்து டியூப் வழியாக விட வேண்டும். ரப்பர் வாஷர் டிரம்மின் உள்பக்கம் உட்கார வேண்டும். தண்ணீரின் அழுத்தமே அதை இறுக்கிக்கொள்ளும். மாற்றி மாட்டினால் ராத்திரி முழுக்க சொட்டுதான்!

புதுச்சேரியில் அந்தச் சொட்டின் விலை என்ன தெரியுமா? ஒரு பெண்ணின் வீடு!

பாரதி பூங்கா நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதன் பின்னால் உள்ள கதை இது. 16-ம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும், ‘இடித்துத் தள்ளுங்கள்!’ என்று சீறினாராம். ‘நானே இடிக்கிறேன்’ என்று அவகாசம் கேட்ட ஆயி, வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம்.

மூன்றாம் நெப்போலியன் பிரான்ஸின் சக்கரவர்த்தியாக இருந்த காலத்தில் (1852-1870), அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக பிரெஞ்சுக்காரர்கள் மண்டபம் கட்டினார்கள். பெயர் மட்டும் ஆயியுடையது!

இன்று புதுச்சேரியின் கடலோர நிலத்தடி நீருக்குள் உப்புநீர் புகுந்திருக்கிறது. உங்கள் டிரம் சொட்டுகிறதா? முதலில் அந்த வாஷரை மாற்றுங்கள், ஸார்!