கணக்கில்லாத பயனர்: பல்கலைக்கழக வழங்கிகளின் ஓய்வும் கரிசல் வட்டார வாசகரும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகங்கள் பழைய வழங்கிகளை நிறுத்திவிட்டுப் புதிய சேவைகளுக்கு மாறும்போது, கணக்கு வைத்திருக்கும் ஆசிரியரையும் மாணவரையும் மட்டுமே பயனராகக் கொள்கின்றன. கணக்கு ஏதுமின்றி வெளியிலிருந்து படிப்பவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. நிலைத்த முகவரி ஒன்றே அத்தகைய வாசகருக்குச் சென்றுசேரக்கூடிய அறிவிப்பு என்பதையும், அதைக் காப்பது பல்கலைக்கழகத்தின் கல்விக் கடமை என்பதையும் தமிழ்க் கணிமை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. யார் பயனர்?

வழங்கியின் ஆயுள் குறுகியது. வன்தட்டு தேயும், உதிரிபாகம் கிடைக்காமல் போகும், இயங்குதளத்துக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருநாள் நின்றுவிடும். விண்டோஸ் சர்வர் 2008க்கு 2020 ஜனவரியிலும் சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூனிலும் ஆதரவு முடிந்தது. அதன் பிறகும் அவற்றை இணையத்தில் திறந்து வைத்திருப்பது ஆபத்து. பழைய இயந்திரம் ஓய்வுபெறத்தான் வேண்டும். அது ஓய்வுபெறும் நாளில் யாருக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம் என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

கணினி மையம் இடமாற்றத்துக்கு ஆயத்தமாகும்போது முதலில் கையில் எடுப்பது பயனர் பட்டியலை. எத்தனை மின்னஞ்சல் கணக்குகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சேமிப்பு, யாருக்கு எப்போது புதிய கடவுச்சொல் என்று திட்டம் தீட்டப்படும். சுற்றறிக்கை போகும், நினைவூட்டல் போகும், கெடு தேதி குறிக்கப்படும். பட்டியலில் இருப்பவர்கள் முனகிக்கொண்டேனும் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஒட்டப்பிடாரம் வட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்துகொண்டு கட்டபொம்மன் கதைப்பாடல்களை ஆராயும் ஒரு பட்டதாரியை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சல் இல்லை. கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கிறார், முகவரியைக் குறித்துக்கொள்கிறார், தம் கட்டுரையின் அடிக்குறிப்பில் அதைச் சேர்க்கிறார். வழங்கியின் வருகைப் பதிவில் அவர் வெறும் எண். இயந்திரம் நிறுத்தப்பட்ட மறுநாள் அவர் காண்பது ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி. ‘சர்வர் டவுன்’ என்று எண்ணி நாளை பார்க்கலாம் என விட்டுவிடுகிறார். நிரந்தர இழப்பு தற்காலிகக் கோளாறாகத் தோன்றுவதால் யாரும் புகார் செய்வதில்லை. புகார் வராததால் இடமாற்றம் வெற்றி என்று கோப்பு மூடப்படுகிறது.

வளாகத்துக்குள் இருக்கும் பேராசிரியர் கணினி மையத்துக்கு நடந்துபோய்க் கேட்டுவிடலாம். கரிசல் காட்டு ஊரில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. இடமாற்றத்தில் யார் இழக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தொலைவே தீர்மானிக்கிறது.

2. பெயர் தெரிந்தவர்களின் இடமாற்றம்

இந்தச் சிக்கல் தொடக்கத்தில் இருந்ததில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 இயந்திரம் இயங்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரைப் பதிற்றாண்டு உழைத்த பின் அதன் இடத்துக்குச் சீமென்ஸ் இயந்திரம் வந்தது. துளையட்டைக் காலத்தில் பயனர் என்பவர் அட்டைக்கட்டோடு நேரில் வந்து நின்ற ஆள். அவர் பெயரும் துறையும் மையத்துக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் செய்தி எல்லோரையும் எட்டிவிடும்.

கல்வி நிருவாகத்திலும் இத்தகைய மாற்றங்கள் நடந்துள்ளன. கோவில்பட்டிப் பகுதிக் கலைக் கல்லூரிகள் 1966இல் உருவான மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன்கீழ் வந்தன. ஆயினும் முன்பு படித்தவரின் பட்டச் சான்றைச் சரிபார்க்க வேண்டுமென்றால், பட்டம் தந்த பல்கலைக்கழகம்தான் இன்றும் விடை சொல்லியாக வேண்டும். இணைப்பு மாறியதால் பழைய மாணவர்மீதான பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று எந்தப் பதிவாளரும் வாதிட்டதில்லை. பட்டதாரிக்குப் பதிவெண் உண்டு, அதனால் அவருக்கான கடமையும் கண்ணுக்குத் தெரிகிறது. வாசகருக்குப் பதிவெண் இல்லை. இரண்டு கடமைகளுக்கும் அடிப்படை ஒன்றே: பல்கலைக்கழகம் ஒருமுறை பொதுவில் கொடுத்ததற்குப் பின்னாளிலும் அதுவே பொறுப்பு.

3. எழுத்து இடம்பெயர்ந்தபோது

தமிழைப் பொறுத்தவரை, கோப்பைப் புது இயந்திரத்துக்கு நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. 1990களில் தமிழ் இணையத்தில் பல எழுத்துக் குறியாக்கங்கள் ஒரே நேரத்தில் புழங்கின. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். திஸ்கியில் அது 190, 193, 162, 250 என்ற நான்கு எண்கள். யூனிகோடில் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து. திஸ்கியில் ‘ழ்’ புள்ளியோடு சேர்ந்த ஒரே எழுத்து. யூனிகோடில் ழகரமும் புள்ளியும் தனித்தனி. ‘கொ’ என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று 166, 184, 161 ஆக வைக்கிறது. யூனிகோடில் ககரம் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். இகரத்தின் கதை இன்னும் நுட்பமானது. திஸ்கியின் முந்தைய வடிவத்தில் அதற்கு 173ஆம் இடம். உலகப் பொது வழக்கில் அந்த இடம், வரி முறியும்போது மட்டும் தோன்றும் இணைகோட்டுக்கு உரியது. ஆகவே சில உலாவிகளில் ‘இ’ காணாமற்போனது. 1.7 வடிவத்தில் அதை 254ஆம் இடத்துக்கு மாற்றினார்கள். இந்த வரலாறு தெரியாதவர் எழுதும் மாற்றுநிரல், பழைய கோப்புகளில் இகரத்தையே விழுங்கிவிடும்.

குறியாக்கம் மாற்றாமல் நகலெடுத்த திஸ்கிப் பக்கத்தை இன்றைய கைபேசியில் திறந்தால் முக்கால் பின்னக் குறியும் கீற்றிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வரிசைகட்டி நிற்கும். கோப்பு இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை. தேடுபொறியும் அதைத் தமிழென்று அறியாது. கணினி மையத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் கோப்பின் அளவும் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். இழப்பைக் கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும். எனவே இடமாற்றக் குழுவில் தமிழ்த் துறையினர் ஒருவரேனும் இருப்பது தொழில்நுட்பத் தேவை.

4. முகவரியும் படிகளும்

வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாது என்று 1998இலேயே எழுதினார். நடந்தது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் சுமார் பாதி, மேற்கோள் காட்டிய செய்திக்கு இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்களின் ஆய்வு 2014 வாக்கில் காட்டியது. யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது எண்ணற்ற தனிமனிதப் பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. அச்சில் ஏறிவிட்ட முகவரியை யாராலும் திருத்த முடியாது. அடிக்குறிப்பு அங்கேயே இருக்கும், அது சுட்டும் இடம் பாழாகியிருக்கும்.

நல்ல முன்மாதிரிகள் நம்மிடமே உள்ளன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்ட நிறுவனம் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. பெயர் மாறியும் பழைய தளப்பெயரைக் கைவிடாததால், பழைய சுட்டியைப் பிடித்து வருபவருக்கு வாசல் இன்னும் திறந்திருக்கிறது. காந்திநகர் இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா, ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் ‘ஹேண்டில்’ எனப்படும் நிலையான அடையாள எண்ணைத் தருகிறது. வழங்கி எங்கே மாறினாலும் அடையாள எண் மாறாது, அது சுட்டும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும். நெல்லைப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டைக் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் எந்தக் கணக்குமின்றிப் படிக்க முடிகிறது.

முகவரியோடு படிகளும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகமும் ஆளுக்கொரு இணைய வடிவம் தந்தன. கொலோன் தமிழியல் துறை நிதி நெருக்கடியில் மூடப்படும் நிலைக்கு வந்த காலத்திலும் அகராதி உலகிலிருந்து மறையும் அச்சம் எழவில்லை. இன்னொரு படி இன்னொரு கண்டத்தில் இருந்தது.

இந்த உண்மைக்குப் பாஞ்சாலங்குறிச்சியைவிட வலுவான சான்று தேவையில்லை. 1801 மே மாதத்தில் கோட்டையைப் பிடித்த கும்பினிப் படை அதைத் தரைமட்டமாக்கியது. ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கக் கும்பினி ஆட்சி முனைந்தது. மூலப்படி என்று சொல்லத்தக்க எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது. ஆனால் கதைப்பாடல் ஊர் ஊராகப் பாடகர் நாவிலும் ஏட்டிலும் பரவிக் கிடந்தது. நா. வானமாமலை அதைப் பதிப்பிக்க, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. பல கைகளில் படிகள் இருந்ததால் பேரரசின் ஆணையையும் அந்தப் பாடல் தாண்டி வந்தது. அதே பாடல் ஒரே ஒரு வழங்கியில் மட்டும் இருந்திருந்தால், ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாவதே அதை அழிக்கப் போதுமானதாக இருந்திருக்கும்.

5. வாடகை இடமும் சொந்தப் பொறுப்பும்

இன்று பெரும்பாலான இடமாற்றங்கள் தனியார் மேகச் சேவைகளை நோக்கியே நடக்கின்றன. மின்வெட்டும் குளிரூட்டிச் செலவும் அறிந்தவர் இதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் வாடகை விதியை வீட்டுக்காரர் மாற்றலாம். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பு அளித்துவந்த கூகுள், 2021இல் அறிவித்து 2022 ஜூலை முதல் நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. இடம் குறையும்போது முதலில் நீக்கப்படுவது ஓய்வுபெற்றவரின் கணக்கும் அதில் அவர் பொதுவில் பகிர்ந்து வைத்த கோப்புகளும். அவற்றைப் படித்துவந்த வெளியாரை யாரும் கேட்பதில்லை. ஆகவே இடம் யாருடையதாக இருந்தாலும் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளப்பெயரில் இருக்க வேண்டும்.

6. மறுப்புகள்

பழையதையெல்லாம் காக்கப் பணம் எங்கே என்று கேட்கலாம். இங்கே கோருவது பழைய இயந்திரத்தை ஓடவிடுவதை அன்று. ஒரு தளத்தின் பக்கங்களை மாறாநிலைப் படிகளாக எடுத்து வைத்துவிட்டால் தரவுத்தளமும் வேண்டாம், அதன் பாதுகாப்புத் திருத்தமும் வேண்டாம். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட ‘301’ என்ற நிலைக்குறியே போதும். நிரந்தரமாக இடம் மாறியது என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது சொல்லிவிடும். திருப்பும் பட்டியல் ஒரு சிறிய உரைக்கோப்பு. கோடிக்கணக்கில் செலவாகும் இடமாற்றத்தில் இதற்கு ஒதுக்க வேண்டியது சில நாள் உழைப்பு.

தனியுரிமையின் பெயரால் சிலவற்றை நீக்கத்தானே வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. அது முற்றிலும் நியாயம். மாணவரின் மதிப்பெண்ணும் கைபேசி எண்ணும் பொதுவெளியில் கிடக்கக் கூடாது. அவ்விடத்தில் ‘410’ என்ற குறி, வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்று நேர்மையாக அறிவிக்கும். படிப்பவர் நாளை வந்து தேடிக்கொண்டிருக்க மாட்டார். நீக்குவது தவறன்று, சொல்லாமல் நீக்குவதே தவறு.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு கடமைகள் கிடைக்கின்றன. நிறுத்துவதற்கு முன் வருகைப் பதிவை ஆராய்ந்து, வெளியிலிருந்து மிகுதியாகப் படிக்கப்படும் பக்கங்களைக் கண்டறிய வேண்டும். தமிழ்க் கோப்புகளின் குறியாக்கத்தை மாற்றி, தமிழறிந்தவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பழைய முகவரிகள் அனைத்தும் புதிய இடத்துக்கோ தெளிவான அறிவிப்புக்கோ சென்று சேர வேண்டும். பொதுப் பயனுள்ளவற்றின் ஒரு படியை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். இவற்றைக் கணினி மையத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனைகளாக எழுதி, ஆட்சிக்குழு ஒப்புதல் பெற்று, பதிவாளரின் பொறுப்பில் வைக்க வேண்டும்.

பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உரிமை நுழைவுச்சீட்டு உள்ளவருக்கு மட்டும் உரியதன்று. கணக்கில்லாத வாசகரையும் புது இடத்துக்கு அழைத்துச் சென்ற பிறகே ஒரு வழங்கிக்கு ஓய்வு தர வேண்டும்.